நீடாமங்கலம் கேட்

கும்பகோணத்தில் கிளம்பும்போதே முருகையன் கேட்டார்:
"கொரடாச்சேரி சுத்திப் போயிடட்டுமா மேடம்?"
அமலோற்பவம் மேடம் வாட்சைப் பார்த்தார்.
"நேராவே போங்க."
அன்றைய முதல் முடிவு அது.
நான் குறித்துக்கொள்ளவில்லை.

நான் புள்ளியியல் துறை.
பெண்பிள்ளைகளோடு ஓர் ஆசிரியை போக வேண்டும் என்ற விதிக்காக
வண்டியில் ஏற்றப்பட்டவள்.
கூடைப்பந்தில் எனக்குத் தெரிந்தது
பந்து உருண்டை,
வளையம் அதைவிடக் கொஞ்சம் பெரிசு.

வலங்கைமான் தாண்டி
நீடாமங்கலத்தில் கேட் விழுந்திருந்தது.
எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோகிறார்கள்,
அவசரமே இல்லாமல்.
முன்னால் ஏழு நெல் லாரி, ஒரு கல்யாண வேன்,
ஜன்னல் ஜன்னலாக வெள்ளரிப்பிஞ்சு நீட்டும் ஒருத்தி.
மன்னார்குடியில் ஆட்டம் மூன்று மணிக்கு.
மணி இரண்டு பத்து.

முருகையன் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாததை
ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"இறங்குங்கடி. பந்தை எடுங்க."

பன்னிரண்டு பேர்
உருகும் தாரில், லாரிகளின் நிழலில்
பந்து தட்டிக்கொண்டு போனார்கள், வந்தார்கள்.
கேட் கீப்பர் வெளியே வந்து பார்த்தார்.
கல்யாண வேனிலிருந்து ஒரு பொடியன் கைதட்டினான்.
முப்பத்தைந்து நிமிடம்.
வியர்த்த உடம்போடு போய் நேராகக் களத்தில் இறங்கினோம்.
முதல் பத்து நிமிடம் எதிரணிக்கு மூச்சே விடவில்லை.
அப்படியானால் கேட்டில் மாட்டியது நல்லதா?
நாலாவது பத்தில் எங்கள் கால்கள் கல்லாய்க் கனத்தன.
அப்படியானால் கெட்டதா?

விடைத்தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
இரண்டாம் பகுதியில் மேடம் டைம் அவுட் கேட்டார்,
நமக்கு ஏழு புள்ளி வந்தது.
மூன்றாம் பகுதியில் கேட்டார்,
அவர்களுக்கு எட்டு.
கூட்டிக் கழித்தால் மைனஸ் ஒன்று.
இதற்கு மாதச் சம்பளம், ஒரு விசில்.

ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு.
ஒன்பது வினாடி பாக்கி.
இருபத்திரண்டு புள்ளி போட்ட சிவசங்கரி இருக்க,
பெஞ்சின் கடைமடையில் உட்கார்ந்திருந்த
நூருன்னிசாவைக் கூப்பிட்டார்.
அன்று முழுக்க ஒரு சொட்டு பாயாத இடம் அது.

நூரு எறிந்தாள்.
பந்து வளையத்தின் மேல் ஏறி
ஒரு சுற்று வந்தது.
இன்னொரு சுற்று.
அந்த இரண்டு சுற்றுக்குள்
மேடம் மேதையாக இருந்தார், முட்டாளாக இருந்தார்,
மறுபடி மேதையாக இருந்தார்.

உமியளவு சாய்ந்திருக்கலாம்.
சாய்ந்தது,
வெளிப்பக்கம்.

வண்டியில் முதல்வர் போன்.
"யாரைக் கேட்டு அந்தப் பொண்ண இறக்குனீங்க?"
அது எனக்கே கேட்டது, மூன்று சீட் தள்ளி.
"நான்தான் சார்" என்றார்,
கேள்விக்குப் பொருந்தாத பதில்.

வைத்த பிறகு கேட்டேன், ஏன் நூரு என்று.
"சங்கரிய மூணு பேரு சுத்தி நின்னாளுவ.
இவள யாருமே கண்டுக்கல.
சும்மா நிக்கிறவ கையில குடுத்தேன்.
அதுல ஒண்ணும் ரகசியம் இல்ல டீச்சர்."
அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தோற்றதால் அந்த முடிவு தப்பாகிவிடாது
என்று பாடம் நடத்துகிறவள் நான்,
வருஷா வருஷம், இரண்டாம் செமஸ்டரில்.
சொல்லியிருக்கலாம்.
வெள்ளரிப்பிஞ்சு மிச்சம் இருந்தது, நீட்டினேன்.

நீடாமங்கலம்.
கேட் விழுந்திருந்தது.

யாரும் சொல்லாமல்
நூரு பந்தோடு இறங்கினாள்.
இருட்டில் தட்டும் சத்தம் மட்டும்
போனது, வந்தது.
மேடம் கூப்பிட வாயெடுத்தார்.
கூப்பிடவில்லை.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல்
பேனாவை மூடினேன்.

முருகையன் ஹெட்லைட்டைப் போட்டார்.