பள்ளத்திலிருந்து

முகத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன்.
எம்டன் நகரில், துறைமுகச் சாலைக்குப் பின்னால்,
வாகனச் சோதனை நிலையத்தின் பள்ளத்தில்
முப்பத்தோராண்டு அண்ணாந்து நின்றிருக்கிறேன்.
தலைக்கு மேல் வந்து நிற்கும் வயிறுகளில்
பத்துக்கு நாலு பஸ்ஸாத்.
ஊரே செய்தது. ஊரே ஓட்டியது.
யாரும் அதைப் படமாக வெட்டிச்
சுவரில் ஒட்டியதாக நினைவில்லை.

காற்றின் பெயர் அது.
பாய்மரக் கப்பல்கள் நம்பிப் புறப்பட்ட,
திசை மாறாத ஒரு தென்கடல் காற்று.
எங்கள் ஊரில் அடிப்பதோ வாடை.
காதைக் கடித்துவிட்டுத்தான் பெயரைக் கேட்கும்.

முதல் தலைமுறையை
நான் வேலைக்கு வருமுன்பே துரு தின்றுவிட்டது.
மிச்சமிருந்த ஒன்று வந்தது, மஞ்சள்.
சுத்தியலால் மெல்லத் தட்டினேன்,
சுத்தியல் உள்ளே போய்விட்டது.
மேலிருந்து பாதிரியார் ரெம்மர்ஸ்,
"தட்டுங்கள், திறக்கப்படும்" என்றார்.
அவருக்கு அன்று வில்லை கிடைக்கவில்லை.

எண்பத்தெட்டில் ஒன்று மூக்கில்லாமல் வந்ததாம்.
முன்பக்கம் மூச்சுவிடும் கம்பித்தட்டே கிடையாது.
ஊர் சிரித்த சிரிப்பில்
ஐந்தே வருடத்தில் மூக்கை ஒட்டித் தந்தார்கள்.
கீழே நிற்பவளுக்கு என்ன?
இங்கிருந்து பார்த்தால் எதற்குமே மூக்கில்லை.

இங்கிருந்து தெரிவது வேறு.
இழுவைக் கொக்கி புதிதாக மின்னினால்
வீட்டில் கேரவன் வாங்கியிருக்கிறார்கள்.
கொக்கியில் சிலந்தி வலை என்றால்
பிள்ளைகள் பெரியவர்களாகி
அப்பாவோடு வர மறுக்கிறார்கள்.
இடப்பக்கச் சுருள்வில் மட்டும் தளர்ந்திருந்தால்
அவர் இப்போது தனியாக ஓட்டுகிறார்.
ஹாபோ யான்சனின் வில்லை மூன்று சோதனைகளாகப் பார்த்தேன்.
"மனைவி நலமா?" என்று கேட்பதை
இரண்டாவது சோதனையிலேயே நிறுத்திக்கொண்டேன்.

பிறகு அந்தச் செப்டம்பர்.
தான் சோதிக்கப்படுவது
அந்த டீசல் என்ஜினுக்குத் தெரியுமாம்.
ஆய்வகத்தில் நல்ல பிள்ளையாய் அடக்கி நிற்குமாம்,
சாலையில் இறங்கியதும் அவிழ்த்துவிடுமாம்.
"அது வேறு சோதனை, நம்முடையது இல்லை"
என்றார் மேலாளர், இரண்டு முறை.
வேறுதான். எனக்கும் தெரியும்.
ஆனால் எத்தனை புகைத்தாள்களில் என் கையெழுத்து!
கெஷெ ஊபன், கெஷெ ஊபன், கெஷெ ஊபன்.
அன்றிரவு கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்,
கிரீஸ் போகவில்லை என்று சொல்லிக்கொண்டு.

மறுவாரம் நெவ்ஸாத் காரதுமான் வந்தார்.
தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம், கதவுப் பிரிவு.
சொந்த வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்திவிட்டு
வெகுநேரம் இறங்கவே இல்லை.
"நான் கதவு மட்டும்தான் மாட்டினேன்" என்றார்.
"கதவு பொய் சொல்லவில்லை" என்றேன்.
அவர் இறங்கிக் கதவைச் சாத்தினார்.
நல்ல கதவு. ஒரே சத்தம், அதுவும் அடங்கிய சத்தம்.

இப்போது அந்தப் பெயர் பிராட்டிஸ்லாவாவுக்குப் போய்விட்டது.
இங்கே மின்சார வண்டிகள்.
வயிறு முழுக்க ஒரே தகடு,
கொக்கி உண்டா, சிலந்தி உண்டா, தேடவேண்டும்.
குறை சொல்ல மாட்டேன்.
சொட்டுவதில்லை, என் தலைமுடிக்கு நல்லது.

போன செவ்வாய் ஒன்று வந்தது.
முப்பத்தாறு வயது, மூக்கில்லாதது.
குழாயில் துரு, தரையில் துருவே இல்லை,
யாரோ அக்கறையாக மெழுகு பூசியிருந்தார்கள்.
ஆனால் தளர்ந்திருந்தது வலப்பக்க வில்.
வலப்பக்கம் மட்டும்.
இத்தனை வருடத்தில் பார்த்ததில்லை.
படியேறி மேலே வந்தேன்.

ஓட்டுநர் இருக்கையில் இம்கெ வ்யூபெனா,
தபால்காரி, ஈர்க்குச்சி உடம்பு.
பக்கத்தில் சீட்பெல்ட் கட்டி நிமிர்ந்து
ஒரு கன்றுக்குட்டி அளவு கறுப்பு நாய்.
அது என்னை ஏற இறங்கப் பார்த்தது,
காலணி, கை, கழுத்து,
ஒன்றையும் விடவில்லை.
என்ன முடிவு செய்ததோ,
தலையைத் திருப்பிக்கொண்டது.

நான் வில்லையை எடுத்தேன்.
இந்த வருடம் இளஞ்சிவப்பு.
இரண்டு வருடம் தந்தேன்.