நூற்று நாற்பது மில்லிசெகண்ட்

கோத்தகிரியில் மழை பிடித்தால்
பிங் நூற்று நாற்பது.
என் வாள் கிளம்பிப் போய்ச் சேர்வதற்குள்
கரிச்சான்77 வேறெங்கோ நிற்பான்.

அவன் நிற்கும் இடத்தை விட்டுவிட்டு
நிற்கப்போகும் இடத்தை வெட்டப் பழகினேன்.
உருளுமுன் இடத்தோள் மயிரிழை தாழும்.
ரெண்டு தரம் ஏமாற்றினால்
மூன்றாவதில் பொறுமை போய்விடும் அவனுக்கு.
விறைத்த விரல்களை டீ டம்ளரில் ஒட்டி ஒட்டி
இதைப் படிக்க
எழுபத்தோரு தோல்வி.

இன்றைக்குக் கடைசி ரவுண்டு.
பாதி வீச்சில் சிலையாகிவிட்டான்.
ஜன்னலில் பார்த்தால்
எதிர்ச்சரிவு ஹட்டி மொத்தமும் இருட்டு.

சிங்கப்பூர் சர்வர் வரை போய்
இங்கேயா அடித்துக்கொண்டிருந்தோம்?

வெட்டினேன்.
மின்வாரியத்துக்காகவெல்லாம் தோற்க முடியாது.

தூங்கவில்லை.
இரண்டே காலுக்குக் கரண்ட் வந்தது.
மேலிருந்து மூன்றாம் வரிசையில்
ஒரு ஜன்னல் மட்டும்
நீலமாக.