தேய்மானக் கணக்கு

ராணிப்பேட்டை சிப்காட்டுக்குப் பின்னால்
தார் போட்டும் திறக்காத ஒரு சாலை.
திறப்புவிழாவுக்குத் தேதி கிடைக்காமல்
எட்டு மாதமாக நாய்கள் மட்டும் படுத்திருக்கின்றன.
ஞாயிறு காலை ஆறே கால்.
அங்கே வரச் சொல்லியிருந்தார்
அத்தீக்குர் ரஹ்மான் சாயபு.
ஷூ மேல்தோல் ஏற்றுமதி;
பதினான்கு வருடமாக அவர் கணக்குக்கு நான் ஆடிட்டர்.

அவருடையது அறுபத்தேழாம் வருட எம்.ஜி.பி.
கரும்பச்சை. இரண்டே இருக்கை.
ஆயிரத்து எண்ணூறு சிசி, தொண்ணூற்றைந்து குதிரை.

என்னுடையது வெள்ளை செடான்.
இருபத்திரண்டு தவணை பாக்கி.
டிக்கியில் ஆரணி அரிசி இருபத்தைந்து கிலோ,
ஒரு பை இலவம்பாடி முள்ளுக்கத்திரி,
பின்சீட்டில் இஸ்திரிக்குப் போகும் துணிமூட்டை,
மூட்டைமேல் தலைவைத்துத் தூங்கும் என் மகள்.
அதற்குள்ளும் குதிரைகள் இருக்குமென்று
நான் நினைத்ததே இல்லை.
கையேட்டைப் புரட்டினால் நூற்றிருபது.

"பந்தயம் இல்லம்மா, சும்மா ஒரு ஒப்பீடு" என்றார்,
தோல் கையுறை மாட்டிக்கொண்டே.

பூஜ்யத்திலிருந்து நூறு.
செல்போன் ஸ்டாப்வாட்ச், என் மகன் நிரஞ்சன் கையில்.

முதலில் அது இருமியது.
சோக்கை இழுத்தார், தள்ளினார், மறுபடி இழுத்தார்.
பெட்ரோல் நெடியில்
தோல்ஷாப்பு சுண்ணாம்பு வாடை ஒரு நிமிடம் தோற்றது.
அப்புறம் கிளம்பியது பாருங்கள்!
ஏரிக் கொக்குகள் எழுந்தன,
வாட்ச்மேன் டீ டம்ளரோடு வெளியே வந்தார்,
ஒவ்வொரு கியருக்கும் சாயபுவின் தோள்
ஒருமுறை இறங்கி ஏறியது.
பன்னிரண்டு புள்ளி நான்கு வினாடி.

என் முறை.
ஏசியை அணைக்க மறந்துவிட்டேன்.
மிதித்தேன். வேறொன்றும் நடக்கவில்லை.
முள் நூறைத் தொட்டபோது
மகள் புரண்டு படுத்தாள்.
பத்து புள்ளி ஒன்று.

பிரேக்கும் பார்த்தோம், செங்கல் வைத்து.
என் செங்கலுக்குப் பதினேழு தப்படி தள்ளி
அவர் வண்டி நின்றது,
ஏதோ விசாரிக்கப் போவதுபோல்
பனைமரத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்து.
அவர் சிரித்தார். கையுறையைக் கழற்றவில்லை.

"ஒரு தடவை உட்காருங்க."
உட்கார்ந்தேன் என்பது சரியில்லை;
சாலையில் இறங்கினேன்.
ஒவ்வொரு கூழாங்கல்லும் முதுகெலும்பில் பெயர் சொன்னது.
ரத்தினகிரி நேராக எங்கள்மேல் வந்தது.
புடவைத் தலைப்பு வாயை அடைத்தது,
கண்ணில் நீர்.
இருநூறு போகிறோம் என்று
எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்திருப்பேன்.
மீட்டரில் அறுபது.
போன வாரம் இதே ஊர் பைபாஸில்
நூற்றுப்பத்தில் போய்க்கொண்டே
கொத்தமல்லி வாங்கினோமா என்று யோசித்தவள் நான்.

சட்டப்படி என் காருக்கு
ஆண்டுக்குப் பதினைந்து சதவீதம் தேய்மானம்.
இந்தக் கிழம் வருடாவருடம் விலை ஏறுகிறது.
அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று
அவர் கம்பெனி ஜெயசீலனும் நானும்
ஒரு மார்ச் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம்.

அவரிடம் ஒரு நோட்டு உண்டு.
சொந்தத் தோலில் அட்டை போட்டது.
பேனாவைத் திறந்து நீட்டினார்.
"நீங்களே எழுதுங்கம்மா.
நீங்க எழுதினா யாரும் கேள்வி கேக்கமாட்டாங்க."
பிறகு, செடானைப் பார்க்காமல்,
"அந்தப் பன்னிரண்டை மட்டும்..."
முடிக்கவில்லை.
பதினான்கு வருடத்தில் ஒரு ரூபாயைக்கூட
இடம் மாற்றச் சொல்லாத மனிதர்.

பன்னிரண்டு புள்ளி நான்கு, எழுதினேன்.
பத்து புள்ளி ஒன்று, எழுதினேன்.
தேதி, கையெழுத்து.
கடைசிப் பத்தி காலியாக இருந்தது, 'குறிப்பு' என்று.
பச்சைக் காருக்கு நேரே எழுதினேன்:
எதிர்க்காற்று.

சித்திரை மாதம்.
சாலையோரப் புளியில் ஓர் இலை அசையவில்லை.
எட்டிப் படித்த நிரஞ்சன் வாயைத் திறந்தான்.
அரிசி மூட்டை சாய்ந்திருக்கும்,
போய் நிமிர்த்து என்றேன்.