நூற்று அறுபத்திரண்டு

ஜூன் பிறந்தால் இலீதியு
தேனீப் பெட்டிகளை மலைக்கு ஏற்றுவார்.
இருபத்து நாலு பெட்டி, ஓர் இழுவண்டி, ஈரச் சாக்கு,
உள்ளே உறங்காத ஊர்கள்.
கோவில்யாவைத் தாண்டி மூன்றாவது வளைவில்
காருக்கு மூச்சிரைக்கிறது என்றார்.
பின்னால் வரும் பால் லாரி ஹாரன் அடிக்கிறதாம்.
"நூற்றுத் தொண்ணூறு குதிரை வேண்டும், கிராசா.
மைத்துனன் காருக்கு ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள்."

மைத்துனன் கார் இப்போது எங்கே என்று
நான் கேட்கவில்லை. தெரியும்.
நவம்பரிலிருந்து அதில் கோழிகள் அடைகின்றன.

மடிக்கணினியைத் திறக்குமுன் பானெட்டைத் திறந்தேன்.
டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயில்
நகக்கீறல் அளவு வெடிப்பு,
சுற்றிலும் எண்ணெய் வேர்வை.
குழாயை மாற்றியதும் பத்துக் குதிரைகள் திரும்பி வந்தன.
தொலைந்ததே அவருக்குத் தெரியாது.

பிறகு அவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
மூன்றாம் கியர், மிதியை முழுக்க அழுத்தி.
திரையில் கேட்ட காற்று ஒரு கோடு,
கிடைத்த காற்று ஒரு கோடு.
இரண்டும் ஒட்டி நடந்தால்
எஞ்சின் பொய் சொல்லவில்லை.

என் மேசையில் ஒரு பிஸ்டன் இருக்கிறது, தலையில் ஓட்டையோடு.
ரசீதுகள் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.
அதை உருக்கியவள் நான்.
இருபத்தாறு வயதில் டீசலை அள்ளிக் கொட்டினேன்,
சூட்டை அளக்கவில்லை.
குவார்தா சாலையில், விடியற்காலை நாலு மணிக்கு,
வேன் நிறைய ரொட்டியோடு ஒருவர் நின்றுபோனார்.
பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
அந்த ரொட்டி என்னவாயிற்று என்று
இன்றுவரை கேட்கவில்லை.

பழைய கோப்பை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்தினேன்.
பேட்டரிக்கு சார்ஜரை மாட்டினேன்.
எழுதும்போது மின்சாரம் தடுமாறினால்
கார் என்பது நாலு சக்கரம் வைத்த அலமாரி.

கட்டம் கட்டமாய் எண்கள்.
ஆயிரத்து எழுநூறு சுற்றுக்குக் கீழே கை வைக்கவில்லை,
அவசர இழுப்பு கிளட்ச்சின் கழுத்தைப் பிடிக்கும்.
இரண்டாயிரத்துக்கு மேல் சாய்வாக ஏற்றினேன்.
புகை வரம்பு இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.
"அந்த வடிகட்டியை அறுத்துப் போட்டுவிடலாமே?"
"தேனீ வளர்ப்பவர் கேட்கிற கேள்வியா இது?"
காதைச் சொறிந்துகொண்டார்.

இரண்டாம் ஓட்டம், நூற்று எழுபது.
நாலாம் கியரில் முள் எகிறியது,
சாலை எகிறவில்லை.
கிளட்ச் வழுக்கிய கருகல் வாசனை.
ஒன்றும் பேசாமல் சன்னலை இறக்கினார்.
திரும்பி வந்து எட்டுக் குதிரைகளை அவிழ்த்துவிட்டேன்.
விரலுக்கேற்ற வீக்கம்.

காப்பீட்டுக்காரருக்கு மறைக்காமல் எழுதுங்கள்,
எண்ணெயைச் சீக்கிரம் மாற்றுங்கள்,
ஏற்றம் ஏறி முடித்ததும் சட்டென்று அணைக்காதீர்கள்,
டர்போ ஆற இரண்டு நிமிடம் கொடுங்கள் என்றேன்.
தலையாட்டினார். தலையாட்டாதவர் யார்?

இரவு ஒன்றே முக்காலுக்குத் தொலைபேசி.
"மேலே வந்துவிட்டேன். பால் லாரியைக் காணவே காணோம்."
"எஞ்சின்?"
"ஓடுகிறது. இன்னும் ஒரு நிமிடம் பாக்கி."

அதற்குமேல் இருவரும் பேசவில்லை.
இருட்டில் போனைக் காதில் வைத்துப் படுத்திருந்தேன்.
ஒரே ரீங்காரம்,
பெட்டியா பானெட்டா, பிரித்தறிய முடியவில்லை.

"அணைக்கட்டுமா?" என்றார்.