மூன்றாவது மைக்ரோவேவ்

மார்ச் மாதம் எனக்கு ஐந்து பெயர்களைக் கொடுத்தார்கள்.
கூடவே ஒரு நீலச் சட்டை,
ஆறு காபிக்கான கூப்பன்,
ஒரு படிவம்.
அன்று புன்டா அரீனாஸ் காற்று
பேருந்து நிறுத்தத்தின் கூரையைப்
பிய்த்துக்கொண்டிருந்தது.

படிவத்தின் தலைப்பு: தக்கவைத்தல்.
அணைக்கட்டு தண்ணீரைச் செய்வதும்
அதைத்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்களைவிட ஒரே ஒரு வருஷம் மூத்தவள் நான்.
அந்த ஒரு வருஷத்தில்
நுண்கணிதத்தில் தோற்றிருந்தேன்,
அதை வீட்டில்கூடச் சொல்லவில்லை.
சட்டையின் முதுகில் அச்சிட்டிருந்தது:
என்னிடம் கேள்.

யாரும் கேட்கவில்லை.
முதல் வாரம் நூலகத்தைச் சுற்றிக் காட்டினேன்.
அடுத்த வாரம் நேரத்தைத் திட்டமிடுவது பற்றி
நானே கடைப்பிடிக்காத ஏழு குறிப்புகளை வாசித்தேன்.
மூன்றாம் வாரம் வந்தவர்கள் இரண்டே பேர்,
அதில் ஒருத்தி மழைக்கு ஒதுங்கியவள்.

அந்த ஒதுங்கியவள்தான் மிலென்கா.
தலை துவட்டிக்கொண்டே கேட்டாள்:
'கேன்டீன்ல நாலு மைக்ரோவேவ் இருக்கே,
எது நிஜமா சூடாக்கும்?'
'மூணாவது.
ஆனா கதவை முழங்காலால
அழுத்திப் பிடிச்சுக்கணும்.'
நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டாள்.
நான் சொன்னதில்
ஒருவர் எழுதிக்கொண்ட முதல் வாக்கியம் அது.

பிறகு மற்றவர்களும் வந்தார்கள்.
பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாமா,
உதவித்தொகை வராவிட்டால் எந்த ஜன்னல்,
எந்தக் கழிப்பறையில் அழலாம்.
இரண்டாம் மாடி, வேதியியல் பக்கம்,
அங்கே கை உலர்த்தும் இயந்திரம்
எல்லாவற்றையும் மூழ்கடிக்கும்.

எலிசேயோ மட்டும் எதையும் கேட்கவில்லை.
ஜலசந்திக்கு அந்தப் பக்கம், போர்வெனீர் ஊர்க்காரன்.
சனிக்கிழமை படகில் வீட்டுக்குப் போவான்,
ஞாயிறு இரவு காற்று ஏறிவிட்டால்
திங்கள் வகுப்பு போச்சு.
அப்பாவின் நண்டுப் படகில் ஆள் குறைவு என்பது
அவன் கைகளைப் பார்த்தாலே தெரியும்.

முதல் தேர்வில் ஏழுக்கு இரண்டு புள்ளி மூன்று.
தாளை நாலாக மடித்து, எட்டாக மடித்து,
இனி மடிக்க முடியாதபோது
மேஜையில் வைத்தான்.
குறிப்புகள் ஏழும் நாக்கு நுனியில் நின்றன.
நான் சொன்னது வேறு:
'போன வருஷம் எனக்கு ஒன்று புள்ளி ஒன்பது.'

முதலில் நம்பவில்லை.
பிறகு சிரித்தான்;
அவனுக்கு முன்பல் ஒன்று உடைந்திருக்கும் என்பது
அப்போதுதான் எனக்குத் தெரியும்.
அன்று இரவு காவலாளி விளக்கை அணைக்கும்வரை
எல்லைகளும் வகையீடுகளும்.
இரண்டு பேருமே பாதி தப்பாகப் போட்டோம்.

கதை இங்கே முடிந்திருந்தால்
சட்டைக்காரர்களுக்குப் பிடித்திருக்கும்.

ஜூன் கடைசியில் அவன் போய்விட்டான்.
தேர்வில் நாலு புள்ளி இரண்டு வாங்கி,
தேறி, அதற்குப் பிறகு போனான்.

படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம்:
பணம், படிப்பு, குடும்பம், பிற.
பிற என்பதில் குறியிட்டு
பக்கத்தில் 'காற்று' என்று எழுதினேன்.
அடித்தேன்.
கட்டம் சின்னது.
ஐந்தில் நாலு, எண்பது சதவீதம்,
நல்ல எண் என்று கைகுலுக்கினார்கள்.
மிலென்காவுக்கு அடுத்த வருஷம் நீலச் சட்டையாம்,
அளவு கேட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை
கைபேசியில் அவன்.
'இன்னிக்குப் படகு இறங்கலை.
மூணாவது மைக்ரோவேவ் இன்னும் ஓடுதா?'

போன வாரம்தான் அதைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.
சுவரில் ஒரு வெள்ளைச் சதுரம்,
தொங்கும் ஒயர்.

ஓடுது என்று எழுதினேன்.
முழங்கால்தான் வலிக்குது என்றும்.