பதிஞ்சுதோ

விடிய ஐந்தேகால்.
மல்லாவிப் பால் சேகரிப்பு நிலையத்துத் தராசு
பதினொன்று தசம் நான்கு என்றது.
தட்டினேன். திரை பச்சையாகி
சேமிக்கப்பட்டது என்றது.
வாளியை அலசியபடி பூரணம் கேட்டாள்:
"பதிஞ்சுதோ?"
ஓம் என்றேன்.

அந்த ஓமுக்கு நாலு விநாடி ஆயுள்.
மயில் ஒன்று கம்பியில் வந்து குந்த
துணுக்காய் வரைக்கும் இருண்டது.

மின்சாரம் வந்தபோது கோப்பு இருந்தது.
அளவும் சரியாக இருந்தது.
திறந்தால், முதல் வரியிலிருந்து கடைசி வரி மட்டும்
பூச்சியம்.
இருபத்தாறு பேரின் பால்
ஒரே தொட்டியில் குளிர்ந்துகொண்டிருந்தது,
யாருடையது எவ்வளவு என்று
இனிப் பாலைத்தான் கேட்க வேண்டும்.

இரவு, நுளம்புத்திரிப் புகைக்குள்
கையேட்டைப் படித்தேன்.

எழுது என்றால் அது எழுதுவதில்லை.
வாங்கி மடியில் கட்டிக்கொள்கிறது.
கட்டிக்கொண்டே, எழுதியாச்சு என்கிறது.
வஞ்சகம் இல்லை, சிக்கனம்.
மாங்குளம் போகிற மினிபஸ்
ஆள் சேரும்வரை உறுமிக்கொண்டே நிற்பதில்லையா,
அப்படி.

இறக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டும்.
சொல்லிவிட்டு, வேறு வேலை பாராமல்
காத்து நிற்க வேண்டும்,
வன்தட்டு தன் வாயால் சொல்லும்வரை.
அதுவும் பொய் சொல்லக்கூடும்.
எங்களுடையது வவுனியாவில் மலிவாக வாங்கியது,
அதற்குள்ளும் ஒரு மடி.

கோப்பை மட்டும் இறக்கினால் காணாது.
அதன் பெயர் எழுதியிருக்கிற கோப்புறையையும் இறக்கு.
இல்லாவிட்டால் பால் இருக்கும்
பெயர் இராது.

பிறகு ஒரு பந்தி.
விளக்கை அணைக்கப் போனவன்
திரும்பி வந்து மூன்றுதரம் வாசித்தேன்.

இறக்கச் சொன்னபோது
முடியவில்லை என்று ஒருமுறை வந்தால்
மறுபடி கேட்டு ஆறுதலடையாதே.
இரண்டாம் முறை அது சரி என்னும்.
தவறிப்போன பக்கங்களை இதற்கிடையில்
சுத்தமானவை என்று குறித்துவிட்டிருக்கும்.
தவறியது என்ற நினைப்பே இல்லாத இடத்தில்
தவறு ஏது?

மறுநாள் இதைப் பூரணத்துக்குச் சொன்னேன்,
மன்னிப்பைக் கேட்காமல் கேட்கிற ஒரு சாட்டாக.
அவள் சிரிக்கவில்லை.
"முதல்தரம் இல்லையெண்டவங்கள்.
ரெண்டாந்தரம் போனன்.
ஓமம்மா, உங்கட பதிவு இருக்கு எண்டாங்கள்,
கொப்பியைத் திறக்காமலே.
எனக்கு அப்பவே விளங்கிட்டுது, தம்பி."

எந்தக் கந்தோர், யாருடைய பதிவு
என்று நான் கேட்கவில்லை.
வாளியைக் கவிழ்த்து
கடைசி நுரை வடியும்வரை அவள் நின்றாள்.

நிரலை மாற்றினேன்.
பழைய கோப்பில் கை வைக்காதே,
பக்கத்தில் புதிதாக எழுது. இறக்கு. காத்திரு.
பிறகுதான் பெயரை மாற்று. கோப்புறையை இறக்கு. காத்திரு.
முடியவில்லை என்றால் சத்தம் போட்டு நில்,
வரிசை முழுக்கக் கேட்கட்டும்.
வன்தட்டின் உள்மடியையும் அவிழ்த்துவிட்டேன்.
பதினேழு தரம் வயரைப் பிடுங்கிப் பார்த்தேன்.
பன்னிரண்டாம் தரம் ஒரு வாளி காணாமல் போனது.
பிழை என்னுடையது. திருத்தி
மறுபடி முதலிலிருந்து பிடுங்கினேன்.

இப்போது ஆளுக்கு அரை விநாடி கூட.
முகாமையாளர் விமலாகரன்
"என்னடாப்பா, மாடு அசைபோடுற மாதிரிக் கிடக்கு" என்கிறார்.
வரிசையில் சைக்கிள் மணிகள்.

பத்து தசம் ஒன்பது.
"பதிஞ்சுதோ?"
பொறுங்கோ என்கிறேன்.
பெட்டிக்கடியில் சின்னச் சிவப்பு வெளிச்சம்
துடித்து, துடித்து
நிற்கிறது.
இப்ப ஓம்.

அவள் தலையாட்டிவிட்டு
சட்டைக்குள்ளிருந்து நாற்பது தாள் கொப்பியை எடுத்து
பென்சிலை நாக்கில் தொட்டு
பத்து, புள்ளி, ஒன்பது என்று எழுதுகிறாள்.
நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
அடுத்த வாளி தராசில் ஏறுகிறது.