கெண்டைக்கால்

மணி மூன்று பத்து.
கெண்டைக்காலுக்குள் கெண்டை துள்ளியது.
யார் வைத்த பெயரோ,
வலித்தவள் ஒருத்திதான் வைத்திருக்க வேண்டும்.
மெத்தை விளிம்பைப் பிடித்துக்கொண்டு
பெருவிரலை முகத்துப் பக்கம் இழுத்தேன்.
சுங்கை ஆரா, ஒன்பதாவது மாடி.
கீழே யாரோ மோட்டார் சைக்கிளை
உதைத்து உதைத்துப் பார்க்கிறார்கள்.
அது கிளம்பவில்லை.

பதினோரு வருடமாய் இனிப்பு நீர்.
அதற்கு முன்பிருந்தே
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடி.
மயிரைவிட மெல்லிய தங்கக் கம்பி
சரியான புள்ளியில் ஒட்டியிருக்கிறதா
என்று பார்ப்பது என் வேலை.
ஒரு பொட்டு உலோகம் குறைந்தாலும்
சிவப்புப் பெட்டிக்குப் போய்விடும்.

லோகநாயகி என் வரிசையில் நான்காவது நாற்காலி.
லாக்கர் அறையில் அவள் கைப்பைதான் கடை.
"இது குரோமியம்க்கா, சர்க்கரையைக் கையைப் பிடிச்சு
உள்ள கூட்டிட்டுப் போகும்.
இது துத்தநாகம், புண்ணு ஆறும்.
இது மெக்னீசியம். இது எல்லாம் சேர்ந்தது."
நூற்று எண்பத்தொன்பது வெள்ளி.
சம்பளத்தன்று பாதி, மீதி அடுத்த மாதம்.
நான் வாங்கியது மருந்தா,
அவள் மகளின் பாலிடெக்னிக் கட்டணமா,
ரசீதில் அதெல்லாம் எழுதுவதில்லை.

அரசாங்கக் கிளினிக், மருந்து கவுண்டர்.
எல்லாப் புட்டியையும் கொண்டு வாங்க ஆன்ட்டி
என்று யீ வென் போன முறையே சொல்லியிருந்தாள்.
ஈக்கான் பிலிஸ் வாங்கிய பையில்
போட்டுக்கொண்டு போனேன்.
ஏழு.
ஒவ்வொன்றாய்த் திருப்பி
முதுகில் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள்.
மூன்றில் அதே துத்தநாகம்.
"சட்டைதான் வேற, ஆள் ஒண்ணுதான்"
என்பதை அவள் மலாயில் சொன்னபோது
எனக்குச் சிரிப்பு வந்தது,
ஐந்நூற்றுச் சொச்சம் வெள்ளிச் சிரிப்பு.

பிறகு என் ரத்தத்தின் தாளை எடுத்தாள்.
மெக்னீசியம் குறைவுதான்.
சர்க்கரை மிஞ்சிச் சிறுநீரில் இறங்கும்போது
தனியாகப் போவதில்லையாம்,
இதையும் கூட இழுத்துக்கொண்டு போகுமாம்.
என் வீட்டிலிருந்தும் ஒருவர்
அப்படித்தான் போனார், பீரோவைக் காலி செய்துகொண்டு.
அதை அவளிடம் சொல்லவில்லை.

"அப்போ நிறைய முழுங்கட்டுமா?"
பேனா அடுத்த வரியில் நின்றது.
சிறுநீரகம்.
வடிகட்டி களைத்திருக்கிறது, ஆன்ட்டி.
உள்ளே போனதற்கு
வெளியே வரும் வழி மறந்துபோகலாம்.
டாக்டர் பார்த்து எழுதட்டும்,
எழுதினால் ஒன்று மட்டும், அவர் சொன்ன அளவு.
மூன்று மாதத்தில் மறுபடி ரத்தம்.
ஏழையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி
என்னிடமே தந்தாள்,
குற்றவாளிகளை ஜாமீனில் விடுவதுபோல்.

பூசணி விதையைப் பச்சையாகவா வறுத்தா
என்று கேட்க மறந்துவிட்டேன்.
வறுத்தேன்.
பாதி கருகியது. தின்றேன்.

சம்பள நாள்.
லாக்கர் அறை பெஞ்சில் லோகா
காலணியைக் கழற்றி வைத்துவிட்டு
பெருவிரலை முகத்துப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள்.
அந்த இழுப்பு எனக்குத் தெரியும்.
"உனக்கும் துள்ளுதா?"
"ஏசி குளிருக்கா, அதான்."
"ரத்தம் எடுத்துப் பாத்தியா?"
"விக்கிறவளுக்கு எதுக்குக்கா?"
புதிய புட்டியை நீட்டினாள். மூடியில் தங்கக் கோடு.
போன மாத மீதியை எண்ணிக் கொடுத்தேன்.
புட்டியை வாங்கவில்லை.
அவள் முகம் ஒரு கணம்
கணக்குப் போட்டதைப் பார்த்தேன்.
"வியாழன் ஏழு மணி, கிளினிக் வாசல்.
எதுவும் சாப்பிடாம வா."
தலையாட்டினாளா, கூந்தலை வலைத்தொப்பிக்குள் தள்ளினாளா,
முகமூடி போட்ட பிறகு எதுவும் தெரிவதில்லை.

வியாழன்.
இரண்டு சீட்டு எடுத்தேன்.
ஒன்று என் கையில், ஒன்று பக்கத்து நாற்காலியில்,
அது பறக்காமல் இருக்க மேலே என் சாவிக் கொத்து.
ஒரு தாத்தா உட்கார வந்தார்.
ஆள் இருக்கு என்றேன்.

என் எண்ணைக் கூப்பிட்டார்கள்.
வாசலைப் பார்த்தபடியே எழுந்தேன்.
காலுக்குள் கெண்டை
ஒருமுறை புரண்டு படுத்தது.